திரையில் வந்த வாத்தியார், தெருவுக்கு வந்த அக்கா

இந்த எபிசோட் அதியமான்கோட்டையைப் பற்றித் தொடங்கி, ஒரு செல்போன் செயலியில் போய் முடியும். நடுவில் ஒரு அமெரிக்கச் செயற்கைக்கோள், ஒரு இந்திப் பாட்டு நிகழ்ச்சி, இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் எல்லாரும் வருவாங்க. கேள்வி ஒன்னுதான்: எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் ஒரு குழந்தையை, எங்கேயோ இருக்கும் ஒரு திரை படிக்க வைக்க முடியுமா?

எழுத்து நிறைந்த மண்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே அதியமான்கோட்டை வந்துடும். பெங்களூருக்குப் பஸ்ஸில் போனவங்க நிறைய பேர் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்திருப்பீங்க. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர். ஸ்கூல் பாடத்தில் படிச்சதால் அது வெறும் கதைன்னு நினைச்சிடாதீங்க. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில், ஒரு பாறையில் தமிழி எழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. அஞ்சியின் பெயர் அதில் தெளிவாக இருக்கு. சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய எழுத்து.

அதோடு முடியலை. தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனின் பெயரை வட்டெழுத்தில் வெட்டி நட்டு வைத்த கற்கள். அரசனுக்கு மட்டும் இல்லாமல், சாதாரண ஆளுக்கும் எழுத்து கிடைத்த மண் இது. இன்னொரு பக்கம், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் ஓவியமாக இருக்கு. எழுத்துத் தெரியாதவங்க கழுத்தை நிமிர்த்தி, படம் பார்த்தே கதை தெரிஞ்சுக்கலாம்.

இப்ப 2011க்கு வாங்க. அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் சுமார் 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம். மழை பொய்க்கும் பூமி, பிழைப்புக்கு ஓசூர், பெங்களூர், திருப்பூர்னு போகும் குடும்பங்கள், படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் என்று காரணங்கள் பல. இந்தப் பின்னணியில்தான் 'டெக்னாலஜி வந்து காப்பாத்தும்' என்ற பேச்சைப் பார்க்கணும்.

படிக்கிறதுல அப்படி என்ன கஷ்டம்?

நமக்குப் படிப்பது மூச்சு விடுற மாதிரி ஆயிடுச்சு. புதுசாப் படிக்கும் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்க. 'கொக்கு' என்று எழுதியிருக்கு. முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஆனா வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. கண் ஒரு வரிசையில் போகுது, காது இன்னொரு வரிசையைக் கேட்குது. அடுத்து, 'கடல்' என்பதில் வரும் க வேறு ஒலி, 'தங்கம்' என்பதில் வரும் க வேறு ஒலி, 'பகல்' என்பதில் வரும் க இன்னொரு ஒலி. எழுத்து மட்டும் ஒன்னுதான்.

இது தாண்டினா அடுத்த சுவர். வீட்டில் 'வந்துட்டிருக்கான்' என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று படிக்கணும். தருமபுரி மாவட்டத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளும் நிறைய. அந்தப் பிள்ளைக்குச் சுவர் இரட்டை உயரம்.

எழுத்தையே மாற்றிக் கஷ்டத்தைக் குறைத்த வரலாறும் நமக்கு இருக்கு. பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு வந்தார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்றது. ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகள் தனி வடிவத்தை விட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே ஆயின. தாத்தா காலத்துப் புத்தகத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த 'லை' பார்த்திருப்பீங்களே, அது போனது அப்போதான். என்னைக் கேட்டா, திணறும் வாசகருக்காகத் தமிழில் செய்யப்பட்ட பெரிய தொழில்நுட்ப மாற்றம் இதுதான். இதுக்குக் கரண்டு தேவைப்படலை.

வானத்திலிருந்து வந்த பாடம்

1975 ஆகஸ்ட் 1. நாசாவிடம் ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி நிகழ்ச்சிகள் போயின. 'சைட்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கே. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. விக்ரம் சாராபாய் கண்ட கனவு, அவர் மறைந்த பிறகு நடந்தது.

அதன் தொடர்ச்சிதான் எடுசாட். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, கல்விக்கென்றே செய்த இந்தியாவின் முதல் செயற்கைக்கோள். ஸ்டுடியோவில் ஒரு ஆசிரியர், நூற்றுக்கணக்கான ஊர்களில் மாணவர்கள். 'மெய்நிகர் வகுப்பறை' என்று இன்று நாம் சொல்வதற்கு முன்னோடி.

இரண்டிலும் ஒரு சிக்கல். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நல்ல விரிவுரை பெரிசா உதவாது. தப்பாப் படிக்கும்போது அதைக் கேட்கிற காது தேவை. செயற்கைக்கோளிடம் வாய் இருந்தது. ஆயிரம் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்க அதற்குக் காது இல்லை.

இதே காலத்தில் வேற மாதிரி யோசிச்சவர் பிரிஜ் கோத்தாரி. 1996இல் அவருக்கு வந்த யோசனை ரொம்ப எளிமையானது: டிவியில் ஓடும் சினிமாப் பாட்டுக்குக் கீழே, அதே மொழியில், பாட்டு வரிகளை ஓட விட்டால்? ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிஞ்ச பாட்டு. காது முன்னாடி போகும், கண் பின்னாடியே ஓடி எழுத்தைப் பிடிக்கும். 1999இல் குஜராத்தியில் 'சித்ரகீத்', பிறகு தேசிய அளவில் 'சித்ரஹார்'. நீங்க யூடியூபில் லிரிக் வீடியோ பார்க்கறீங்க இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். யாரும் பாடம் நடத்தலை. ஆனா கண் படிச்சுக்கிட்டே இருக்கு.

காளிக்குப்பத்து அக்கா

அடுத்து சுகதா மித்ரா. 1999இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் கம்ப்யூட்டரைப் பதித்து, குடிசைப் பகுதிக் குழந்தைகளிடம் விட்டவர். பிறகு புதுச்சேரி வட்டாரத்தில் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் இன்னும் துணிச்சலான சோதனை ஒன்றைச் செய்தார். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் உயிரி தொழில்நுட்பப் பாடம், ஆசிரியர் இல்லாமல். சுமார் இரண்டரை மாதத்தில் தேர்வு மதிப்பெண் 30 சதவீதத்துக்கு வந்தது.

உலகம் அதிசயப்பட்டது அந்த 30ஐப் பார்த்து. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. பாடமே தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். வேலை ஒன்னுதான்: பாட்டி மாதிரி, 'அட, இது எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று வியந்து கேட்பது. மதிப்பெண் சுமார் 50க்குப் போனது. 2009இல் இதே எண்ணத்தில் இங்கிலாந்திலிருந்து ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் 'கிரானி கிளவுட்' உருவானது. மித்ராவின் முடிவுகளை விமர்சிப்பவர்கள் இருக்காங்க, சின்ன எண்ணிக்கை, நீண்ட நாள் பலன் தெரியாது என்பாங்க. நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் அந்த அக்காவை ஞாபகம் வச்சுக்கோங்க.

19 மாதங்கள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1. கிட்டத்தட்ட 19 மாதம். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. அட்டவணை போட்டுப் பாடம் ஒளிபரப்பானது. அது இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆனா ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க. டிவியில் டீச்சர் 'அ' சொல்றாங்க. பிள்ளை திருப்பிச் சொல்லுது. சரியா தப்பான்னு சொல்ல ஆள் இல்லை. ஸ்மார்ட்போன் இருந்தா அது அப்பாவுடன் காலையில் வேலைக்குப் போய், இருட்டின பிறகுதான் வீடு திரும்பும். 2020–21இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, முதல்முறை வகுப்பறைக்குள் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பின் பாதி போயிருந்தது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வரை, தெருவிலேயே வகுப்பு. கோயில் திண்ணை, வீட்டு வாசல், சமுதாயக் கூடம், எது கிடைக்குதோ அது. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். பதிவு செய்து வந்தவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். படிச்சும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த அக்காக்கள், அண்ணிகள். எனக்கு இது 1990களின் அறிவொளி இயக்கத்தை நினைவுபடுத்துது. அப்போ புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதும் எழுத்தறிவு வேலையின் பகுதியாகவே இருந்தது. அந்தத் தலைமுறைக்கு சைக்கிள், இந்தத் தலைமுறைக்குச் செல்போன்.

அந்த அக்காவின் செல்போனில்தான் காது வந்து சேர்ந்தது. கூகுள் 2019இல் 'போலோ' என்று ஒரு வாசிப்புச் செயலியை விட்டது. பின்னர் தமிழும் சேர்ந்தது, பெயரும் 'ரீட் அலாங்' ஆனது. பிள்ளை சத்தம் போட்டுக் கதை படிக்கும். செயலி கேட்கும். சரியான சொல் நிறம் மாறும். திணறினால் சொல்லைத் தொட்டு உச்சரிப்பைக் கேட்கலாம். கதையை இறக்கி வச்சுட்டா இன்டர்நெட் வேண்டாம். பத்து தடவை தப்பாப் படிச்சாலும் அதுக்குக் கோபம் வராது, பக்கத்தில் யாரும் சிரிக்கவும் மாட்டாங்க. கூச்சத்தால் வாயே திறக்காத பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜூன் தொடக்கத்தில் 12 நாள் 'வாசிப்பு மாரத்தான்' நடந்தது. சுமார் 18 லட்சம் பிள்ளைகள் 263 கோடி சொற்களைப் படித்ததாக அரசு அறிவித்தது. பெரிய எண்தான். ஆனா வகுத்துப் பாருங்க: ஒரு பிள்ளைக்கு 1,460 சொல். கிட்டத்தட்ட இந்த எபிசோட் நீளம். நாள் ஒன்றுக்கு 120 சொல். கொண்டாடலாம், ஆனா இதுவே வாசிப்பு ஆகிவிடாது.

கணக்கு என்ன சொல்லுது?

அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 2019இல் இருந்த நிலையோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் பெரிய இழப்பு. ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மிச்சத்தில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் திறந்ததால்தான். ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம்.

இதைத் தோல்வின்னு சொல்ல முடியாது. போதும்னும் சொல்ல முடியாது. 2022 ஏசர் கணக்கெடுப்பில், தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஐந்து பேருக்கும் குறைவு. அந்த ஆண்டு ஜூனில்தான் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. வயதைப் பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பது. 2024இல் அந்த ஏசர் எண் 10ஐத் தாண்டியது.

சரி, 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளைகள் இப்ப எங்கே? 2025–26இல் ஆறாம் வகுப்பு. அந்த ஆண்டில்தான் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காகத் 'திறன்' திட்டம் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க: கொரோனா ஆண்டில் ஒன்று முதல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள்தான் அவர்கள். வரலாறு முடிஞ்சு போன விஷயம் இல்லை. அறிவியல் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, முதல் வரியிலேயே நின்னுபோய் உட்கார்ந்திருக்கு.

அதனால் என் முடிவு இது. ஒளிபரப்பு மட்டும் செய்த தொழில்நுட்பம், வாசிக்கத் தெரிந்த பிள்ளையை இன்னும் கொஞ்சம் முன்னே கொண்டு போனது. கேட்கத் தெரிந்த தொழில்நுட்பம் திணறும் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தது. ஆனா நாளைக்கும் அந்தப் பிள்ளை வந்து உட்காரணும்னா, 'நேத்து விட்ட கதை என்னாச்சு?' என்று கேட்க ஒரு ஆள் வேணும். எந்த வகுப்பறையிலும், மெய்நிகரோ மெய்யோ, முதலில் செலவு செய்ய வேண்டியது அந்த ஆளுக்குத்தான்.

கடைசியா ஒன்னு. ஏசர் சோதனை ரொம்ப எளிது: எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை. ஐந்து நிமிஷம் போதும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது, அக்கா பிள்ளையிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து, 'எனக்குப் படிச்சுக் காட்டுறியா?' என்று கேளுங்க. நிறுத்தினா திட்டாதீங்க. அடுத்த நாளும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் பேசுவோம்.