நாயைப் பழக்க நல்ல காலம் எது?

"குட்டி வளரட்டும், 6 மாதம் போகட்டும், பிறகு பழக்கலாம்" என்பது நாய் வளர்ப்போரிடம் நெடுங்காலமாக இருந்துவரும் எண்ணம். இது தவறு என்று காட்டியது அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடம்.

அங்கு நடந்த ஒரு சோதனையின் முடிவு 1961-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. உயரமான வேலிக்குள், மனிதர் பழக்கமே இல்லாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன. பலவற்றை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே கொண்டுவந்து பழக்கினார்கள். 5 முதல் 9 வார வயதில் பழகிய குட்டிகள் விரைவில் மனிதரிடம் ஒட்டிக்கொண்டன. 14 வாரம்வரை பழகாதவையோ காட்டு விலங்குபோல் அஞ்சி ஒதுங்கின. பிறகு எவ்வளவு முயன்றும் பயம் தெளியவில்லை. அதே ஆய்வுக்கூடத்தின் ஸ்காட், புல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலும் ஏறக்குறைய முதல் 3 மாதமே முக்கியமான பருவம் என்றது.

பயந்த நாய் கடிக்கக்கூடும். கடிக்கும் நாயை வளர்த்தவரே கைவிடுவதுண்டு. பல நாடுகளில் அது ஊசி போட்டுக் கொல்லப்படுவதும் உண்டு. 3 வயதுக்குட்பட்ட நாய்கள் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறால்தான் அதிகம் சாகின்றன என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் நடத்தையியல் சங்கம் 2008-இல் எச்சரித்தது. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும், 7, 8 வாரக் குட்டியையே பயிற்சிக்கு அனுப்பலாம் என்றும் கூறியது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். நாய்க்கு அந்த ஐந்து, பிறந்த 3 மாதத்திலேயே முடிந்துவிடுகிறது.