வாடகை வீட்டில் பெரிய டிவி: சுவர் தாங்குமா?

பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம், மாத்தூர் என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுவதும் வேலைக்காகக் குடிவந்த நம் குடும்பங்கள் இருக்கின்றன. சிப்காட் வளாகங்கள் வந்த பிறகு வாடகைக்கென்றே கட்டப்பட்ட லைன் வீடுகளிலும் சிறிய மாடி வீடுகளிலும்தான் பெரும்பாலோர் வசிக்கிறார்கள். டிவி தயாரிக்கும் சாம்சங் ஆலை பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வாங்கிய டிவியை மாட்ட வீட்டில் ஒரு நல்ல சுவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

பிள்ளைப்பாக்கத்தில் நாம் போய் வந்த ஒரு வீட்டில் 55 அங்குல டிவியை மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மாலை மேல் ஸ்க்ரூ இரண்டும் பூச்சோடு பெயர்ந்து வர, டிவி முன்பக்கம் சாய்ந்து தொங்கியது. கைக்குழந்தையைப் பாயில் போட்டுத் தூங்க வைக்கும் இடம் அதற்கு நேர் கீழே. அந்த நேரத்தில் குழந்தை பாட்டியின் மடியில் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். மாட்டிக் கொடுத்தவர் மீது மட்டும் குறை சொல்ல முடியாது. அது என்ன சுவர் என்று வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவியை ஷெல்ஃபில் வைத்தோம், வேலை முடிந்தது. இன்று 43 அங்குல டிவி சுமார் 8 முதல் 10 கிலோ, 55 அங்குலம் 15 கிலோவுக்கு மேல், 65 அங்குலம் 20 கிலோவையும் தாண்டும். உங்கள் டிவியின் சரியான எடை அட்டைப்பெட்டியிலும் கையேட்டிலும் இருக்கும். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவர். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவர் கெட்டியாக ஒலிக்கும், ஹாலோ பிளாக் சுவர் இடத்துக்கு இடம் ‘டொப் டொப்’ என்று வெற்றாக ஒலிக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் மறைவான மூலையில் சிறிய துளை போட்டு, வருகிற தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறத் தூளோடு ட்ரில் திணறினால் கான்கிரீட், அநேகமாகப் பில்லர். வெளிர்நிறத் தூள் மாவு போலக் கொட்டி, ட்ரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் எடை குறைந்த ஏஏசி பிளாக். கொஞ்ச தூரம் போனதும் ட்ரில் திடீரென உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக். ஃப்ளை ஆஷ் கல்லும் சாம்பல் தூள்தான் தரும், அதனால் அதைப் பார்த்து கான்கிரீட் என்று ஏமாந்துவிட வேண்டாம்.

மேலே இருக்கும் பூச்சு அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும். அதற்கு எந்தப் பலமும் கிடையாது. ஒன்றரை அங்குல ஸ்க்ரூவில் பாதி பூச்சிலேயே போய்விட்டால் மீதிதான் கல்லைப் பிடிக்கிறது. ஏரியை ஒட்டிய பகுதிகளில் மழைக்காலத்தில் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். அப்படிப்பட்ட சுவரை விட்டுவிடுங்கள்.

நல்ல செங்கல் சுவரும் கான்கிரீட்டும் பிரச்சினை இல்லை. தரமான பிளக்கும் நீளமான ஸ்க்ரூவும் போட்டால் டிவி நிற்கும். ஏஏசி பிளாக்கில் சாதாரண ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் அது விரியும்போதே கல்லை உள்ளுக்குள் நொறுக்கிவிடும். முதல் நாள் இறுக்கமாகத் தெரியும், நாள் போகப் போகத் தளரும். அந்தக் கல்லுக்கென்று தனி பிளக் உண்டு, இல்லையென்றால் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். நான்கு அங்குல ஹாலோ பிளாக்கில் கனமான டிவியை நேரடியாக மாட்டவே வேண்டாம் என்பதுதான் நம் கருத்து. எந்தச் சுவரானாலும் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள், ஒயர் அந்த வழியாகத்தான் போகும். மறுபக்கம் குளியலறை இருந்தால் தண்ணீர்க் குழாயும் போகலாம்.

எடையைவிட ஆபத்தானது இழுப்பு. சுவரை ஒட்டியே இருக்கும் தட்டையான பிராக்கெட்டில் 20 கிலோ டிவியின் எடை சுவரிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர். மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை சுமார் ஆறு கிலோதான். அதே டிவியை முன்னால் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட்டில் மாட்டி அரை மீட்டர் நீட்டினால் அந்த இழுப்பு 50 கிலோ ஆகிவிடும். கை பிராக்கெட் பார்க்க அழகுதான். ஆனால் பலம் தெரியாத சுவரில் அதை மாட்டக்கூடாது.

சுவர் சரியில்லாத வீட்டில் எடையைத் தரையில் இறக்குவதே வழி. எளிய முறை, டிவியோடு வந்த காலை மாட்டி, அகலமான, தாழ்ந்த மேசையில் வைப்பது. பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில் கண் மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடிதான். ஐந்தடி உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலி என்று சொல்பவர்களுக்கும் இதுவே நல்லது. ஆனால் தவழும் குழந்தை இருந்தால் மேசை மட்டும் போதாது. அது டிவியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும். டிவி, மேசை, அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறப்பதைத் தடுக்கவே அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015 முதல் ஒரு பிரச்சாரத்தை நடத்தி வருகிறது. டிவியின் முதுகில் பிராக்கெட்டுக்கான துளைகள் இருக்கும். அதில் நைலான் பட்டையைக் கோத்துப் பின்னால் உள்ள ஜன்னல் கம்பியில் இறுக்கமாகக் கட்டுங்கள். பட்டை எடையைத் தாங்கப் போவதில்லை, முன்னால் சாயாமல் தடுத்தால் போதும். மேசையையும் அதேபோலக் கட்டுங்கள்.

மேசை வைக்க இடமில்லை, சுவரில்தான் வேண்டும் என்றால் ஆசாரியிடம் சொல்லி இரண்டு மரக்கட்டைகளை வாங்குங்கள். மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம், ஏழடி உயரம் போதும். இரண்டையும் தரையில் ஊன்றிச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, பிராக்கெட்டை அந்தக் கட்டைகளில் போல்ட் போட்டு முடுக்குங்கள். கட்டையின் தலைப்பில் மட்டும் ஆளுக்கொரு ஸ்க்ரூ சுவரில் போகும். டிவியின் எடை முழுவதும் கட்டை வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. இப்போது கணக்கைப் பாருங்கள்: 20 கிலோ டிவி பத்து சென்டிமீட்டர் முன்னால் நின்று, மேல் ஸ்க்ரூ இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் இழுப்பு வெறும் ஒரு கிலோ. சிறு பிள்ளை ஒன்று பிடித்துத் தொங்கினாலும் மூன்று கிலோவைத் தாண்டாது. பிளக் ஒழுங்காக இருந்தால் பலவீனமான சுவரும் இதைத் தாங்கும். ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் அந்த ஸ்க்ரூ விழுந்தால் இன்னும் நல்லது. வீடு மாறும்போது கட்டைகளையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரே ஹால் உள்ள வீடுகளில் இன்னொரு விஷயம். நமக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே இருப்பதால், மேற்குச் சுவரில் டிவி இருந்தால் தொழுபவரின் நிழல் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருக்கும். மாடி வீட்டில் மாலை வெயிலால் சூடேறுவதும் அதே சுவர்தான். வேறு சுவர் இருந்தால் அதைப் பாருங்கள்.

துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ‘ரெண்டு துளை போட்டுக்கிறேன், காலி பண்ணும்போது அடைச்சுத் தர்றேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்கி வைத்தால் போதும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் ‘கழித்துக்கொண்டு’ என்ற இடத்தில்தான் சுவர்த் துளைகள் வந்து நிற்கும். குடிவந்த அன்றே நான்கு சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

காலி செய்யும்போது பிளக்கை இடுக்கியால் உருவி எடுத்துவிட்டு, துளையை நனைத்து, வால் புட்டியை இரண்டு தடவையாக அடையுங்கள். ஒரே தடவையில் அடைத்தால் காய்ந்ததும் குழி விழும். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே நிற டிஸ்டெம்பரைத் தொட்டுவிடலாம். டிவியை வண்டியில் படுக்கப் போடாமல் நிமிர்த்தியே கொண்டுபோங்கள், அதற்காகவாவது அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாமல் பரண்மேல் வைத்திருங்கள்.