கச்சத்தீவு ஒப்பந்தத்தைத் தமிழில் படிக்கிற எந்திரம்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில நின்னு பார்த்தா கடல்ல கோடு எதுவும் தெரியாது. ஆனா கோடு இருக்கு. 1964 டிசம்பர் புயல் ஊரை அழித்துப் பத்து வருஷம்கூட ஆகாத நிலையில், 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை அதைப் போட்டது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போச்சு.

செயற்கை நுண்ணறிவு சட்டத்தைச் சாமானியருக்குப் புரிய வைத்துவிடும் என்று யாராவது சொன்னால், இந்த ஒப்பந்தத்தின் 5, 6-ஆம் பிரிவுகள்தான் எனக்கு ஞாபகம் வரும். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது 5. இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டுக் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது 6. எளிய தமிழில் சொல்லச் சொன்னா எந்திரம் அழகா சொல்லிடும். படிக்கிற மீனவர், "அப்ப அங்க மீன் பிடிக்கலாம்ல?" என்றுதான் கேட்பார்.

அதற்கான பதில் வேறொரு காகிதத்தில் இருக்கு. அனுமதியின்றி இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று 1976 மார்ச்சில் இரு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கடிதம் 6-ஆம் பிரிவைக் கட்டுப்படுத்துமா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனா பிடிபட்டவர்மீது பாய்வது இலங்கையின் 1979-ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டம். 2018 திருத்தம் அதன் அபராதத்தைப் பல மடங்கு ஏற்றிவிட்டது.

வேடிக்கை என்னன்னா, அவரை நிறுத்துகிற மன்னார், ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் விசாரணை தமிழில். இலங்கைச் சட்டங்களும் தமிழில் வெளியாகின்றன. இங்கே மதுரைக் கிளையில் வீட்டார் மனுப் போட்டால் தீர்ப்பு ஆங்கிலத்தில்தான். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும், அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு தாண்டி எதுவும் நகரவில்லை.

இந்த இடைவெளியில்தான் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். மேல்முறையீட்டுக்கு அனுமதி என்று பொருள்படும் 'லீவ் கிராண்டட்' என்பதை எந்திரம் இந்தியில் 'விடுமுறை கிடைத்தது' என்று பெயர்த்த கதையை நீதிபதிகளே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். தமிழுக்குள்ளேயும் இந்தச் சிக்கல் உண்டு: அங்கே நீதவான், இங்கே நடுவர்; அங்கே வர்த்தமானி, இங்கே அரசிதழ்.

என் பயம் வேறு. சுவாஸ் மாதிரியானவை ஒரு நேரத்தில் ஒரு தாளைத்தான் பெயர்க்கின்றன. 1974-ஐ மட்டும் பிழையில்லாத தமிழில் படித்துவிட்டு ஒருவர் படகை எடுத்தால், பறிபோவது படகு. அவர் போனில் கேட்கப்போவது ஒப்பந்த வரலாறு அல்ல, "படகு திரும்பக் கிடைக்குமா?" என்பதுதான். அதற்கு 1974, 1976, 1979, 2018 நான்கையும் பக்கத்தில் வைத்துப் பதில் சொல்லணும். அதில் கடைசி இரண்டும் ஏற்கெனவே தமிழில் இருக்கு, கடலுக்கு அந்தப் பக்கம்.