மைக்கறை நீக்கல் (கண்டிப் பகுதி)

மைக்கறை நீக்கல் என்பது எழுதுமை, அச்சுமை, முத்திரை மை ஆகியவை துணியில் பட்டு உண்டாக்கும் கறையை வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு போக்கும் முறை. இலங்கையின் மத்திய மாகாணத்தில் கண்டி நகரிலும், அதைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, அக்குறணை, கம்பளை முதலிய ஊர்களிலும் இது பெரும்பாலும் வெள்ளைத் துணியைக் காப்பாற்றும் வேலை. கறை எப்படி உண்டானது என்பதைவிட எந்த மையால் உண்டானது என்பதே நீக்கும் வழியை முடிவு செய்கிறது. ஒரு மையைக் கரைக்கும் பொருள் இன்னொன்றைத் துணியில் நிலைக்கச் செய்துவிடும்.

சூழல்

இலங்கை அரசாங்கப் பாடசாலைச் சீருடை பெரும்பாலும் வெள்ளை. சிறுவர்கள் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும், மேல்வகுப்பு மாணவர்கள் வெள்ளை நீளக் காற்சட்டையும், மாணவியர் வெள்ளைக் கவுனும் அணிகின்றனர். சீருடைத் துணியை இலவசமாக வழங்கும் திட்டத்தை அரசு 1993 இல் தொடங்கியது. அந்தத் துணியில் தைத்த உடுப்பு பல வீடுகளில் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டியிருப்பதால், சட்டைப்பையில் கசிந்த ஒரு பேனை குடும்பச் செலவைத் தொடும் சங்கதியாகிறது. பாடசாலைக்கு வெளியேயும் வெள்ளைக்கு இடமுண்டு. போயா எனும் முழுமதி நாள்களில் சில் என்ற பௌத்த நோன்பை அனுட்டிப்போரும் பௌத்த ஆலயமான தலதா மாளிகைக்கு வழிபடச் செல்வோரும் வெள்ளை உடுப்பே அணிகின்றனர்.

நிலமும் நீரும் இந்த வேலையில் பங்கு கொள்கின்றன. மலைநாட்டு ஓடை நீர் உலர் வலயக் கிணற்று நீரைவிட மென்மையானது. அதில் சவர்க்காரம் நன்றாக நுரைத்து அழுக்கை இலகுவாகக் கழற்றும். மறுபுறம், இரு பருவமழைகளும் எட்டும் பகுதி என்பதால் துணியை வெயிலில் வெளிறவைக்கும் பழைய வழி ஆண்டின் பல மாதங்களில் கைகொடுப்பதில்லை. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது வளியமுக்கம் சுமார் 15 சதவீதம் குறைகிறது. அதனால் ஊற்றுப் பேனையின் மைக்குழாயில் அடைபட்ட காற்று விரிந்து மையை முனை வழியே தள்ளும். பேனை பாதி நிரம்பியிருந்தால் உள்ளே காற்று மிகுதி, கசிவும் மிகுதி.

வரலாறு

ஏட்டு மை: கண்டி இராச்சியத்தின் எழுத்து தாலிப்பனை ஓலையில் நிகழ்ந்தது. ஓலையை அவித்து உலர்த்தி மெருகேற்றி, இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதினர். கீறலில் நிறம் தெரிவதற்காகக் கரித்தூளையும், சிங்களத்தில் தும்மல எனப்படும் குங்கிலிய வகைப் பிசினிலிருந்து வடித்த எண்ணெயையும் கலந்து பூசி, எஞ்சியதைக் குரக்கன் மாவால் துடைத்தெடுத்தனர். கரி கீறலுக்குள் தங்கியது, மேற்பரப்பு சுத்தமானது. எண்ணெய்ப்பசையைத் தூள் கொண்டு உறிஞ்சி எடுக்கும் இந்தச் செயலே இப்பகுதியின் பழைய மை நீக்கல் முறைகளில் ஒன்று. மாத்தளைக்கு வடக்கேயுள்ள அலுவிகாரை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் வடிக்கப்பட்ட இடமாகப் போற்றப்படுகிறது. அங்கே ஓலையில் எழுதிக் கரி பூசித் துடைக்கும் முறையை வருவோருக்கு இன்றும் செய்து காட்டுகின்றனர். தமிழ் ஏடுகளிலும் இதற்கு நிகரான வழக்கம் இருந்தது: மஞ்சள், வசம்பு, இலைச்சாறு, கரி ஆகியவற்றைத் தடவி எழுத்தைத் துலக்கினர்.

வெள்ளாவி: 1660 இல் சிறைபிடிக்கப்பட்டு 1679 இல் தப்பும் வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில் வண்ணார் குலத்தாரின் தொழிலை விவரித்துள்ளார். துணியைக் காரநீரில் தோய்த்து, கொதிக்கும் பானையின் வாயில் வைத்து ஆவியேற்றிய பின் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், கையால் கசக்காமல் பாறையில் அடித்துத் துப்புரவாக்கினர் என்பது அவர் தந்த செய்தி. இது தமிழர் வெள்ளாவி என்று அறிந்த முறையே. சாம்பற்காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கும். ஆவி அதை இழைக்குள் செலுத்தும். எண்ணெயில் குழைத்த கரி மையைப் பருத்தித் துணியிலிருந்து கழற்ற இது உதவும் ஏற்பாடு. கண்டிய வண்ணாரின் அறிவு இரசாயன நூல்களுக்கு முற்பட்ட இரசாயனம் என்றே சொல்லத் தகும்.

டோபிக் குறி: கறையை நீக்கிய அதே கைகள் நீங்காத மையையும் பயன்படுத்தின. சேங்கொட்டையின் சாற்றைத் துணியில் இட்டு அதன்மேல் சுண்ணாம்பு தடவினால் கறுத்து நிலைத்துவிடும். தென்னாசியா எங்கும் டோபிகள் எனப்படும் வண்ணார் துணி மாறாதிருக்க இட்ட குறி இதுவே. தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் எனும் தொழிலாளர் குடியிருப்புகளின் துணியை வெளுக்கத் தனி டோபி இருந்தார். வீட்டுக்கொரு குறியை நினைவில் வைத்து நூற்றுக்கணக்கான துணிகளைப் பிரித்துக் கொடுத்த அவர்களின் திறமை பதிவு பெற வேண்டிய ஒன்று.

இரும்பு மை: 1815 இல் கண்டி பிரித்தானியர் வசமானதும் கச்சேரி எனப்படும் அரசாங்க அலுவலகமும் கடதாசியும் வந்தன. அக்கால அலுவலக மை, மாசிக்காய் போன்றவற்றின் தனினும் இரும்புச் சல்பேற்றும் சேர்ந்தது. இந்திய முறையில் கடுக்காயும் அன்னபேதியும் அந்த வேலையைச் செய்தன. எழுதும்போது வெளிறியிருக்கும் இந்த மை, காற்றுப்பட்டதும் கறுக்கும். புனித அந்தோனியார் கல்லூரி (1854), திரித்துவக் கல்லூரி (1872), தர்மராஜ கல்லூரி (1887), கிங்ஸ்வூட் கல்லூரி (1891), மகாமாயா மகளிர் கல்லூரி (1932) என்று கண்டி பாடசாலைகளின் நகரானபோது, மைக்கறை கச்சேரி எழுதுவினைஞரின் சட்டைக் கையிலிருந்து மாணவரின் உடுப்புக்குப் பரவியது. 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததும் எழுதுவோர் தொகை மேலும் பெருகியது.

பேனைகள்: லூயிஸ் வாட்டர்மன் ஊற்றுப் பேனைக்கு 1884 இல் காப்புரிமை பெற்றார். ஹங்கேரியரான லாஸ்லோ பிரோ குமிழ்முனைப் பேனைக்கு 1938 இல் காப்புரிமை பெற்றார். குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப்பசை போன்றது, நீரில் கரையாது. அதுவரை கைகொடுத்த குளிர்நீரும் தேசிக்காயும் இதனிடம் தோற்றன. 1984 இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் ஜெல் பேனையை வெளியிட்டது.

மை வகைப்பாடு

துணியில் செயற்படும் விதத்தைக் கொண்டு மைகளை ஆறாகப் பிரிக்கலாம்.

1. நீர்ச்சாய மை: ஊற்றுப் பேனைகளில் ஊற்றும் கழுவத்தக்க நீல மை. சாயம் நீரில் கரைந்திருக்கும். காரம் பட்டாலே இதன் நீலம் மங்கும்.

2. இரும்புத் தனின் மை: நீலக்கறுப்பு மையின் பழைய வகை. இழைக்குள் கரையாப் பொருளாக மாறும். இதன்மீது காரமான சவர்க்காரத்தையோ வெளிற்றியையோ இட்டால் கறுப்பு போய் இரும்புத் துருவின் பழுப்பு எஞ்சும்.

3. பசை மை: குமிழ்முனைப் பேனை. பென்சைல் மதுசாரம், பீனொக்சி எதனோல் போன்ற கரைப்பான்களில் ஊதா, நீலச் சாயங்களும் பிசினும் கலந்தது.

4. துணிக்கை மை: பல ஜெல் பேனைகளும் கரி மையும். நிறம் நுண்துணிக்கைகளாக இழைகளுக்கிடையே சிக்கும். சாயம் கரைவதுபோல் இது கரைவதில்லை.

5. பிசின் மை: அழியா மார்க்கர். கரைப்பான் ஆவியானதும் பிசின் நிறத்தை இழையோடு ஒட்டும்.

6. வினைமை: சேங்கொட்டைச் சாறு, வெள்ளி நைத்திரேற்று கொண்ட தேர்தல் மை. இழையிலேயே புதிய பொருளாக மாறுவதால் வீட்டு முறை எதற்கும் அசையாது.

வகை தெரியாத கறையை அறிய, ஈரப் பஞ்சை அதன் ஓரத்தில் ஒற்றிப் பார்க்கலாம். நீலம் ஏறினால் நீர்ச்சாயம். ஏறாவிட்டால் ஸ்பிரிட் எனப்படும் மதுசாரத்தில் நனைத்த பஞ்சை ஒற்ற வேண்டும். அதில் ஏறினால் பசை மை அல்லது பிசின் மை. இரண்டிலும் ஏறாதது துணிக்கை மையோ இரும்பு மையோ வினைமையோ ஆகும்.

நீக்கும் முறைகள்

எந்த மையானாலும் பொது விதிகள் மூன்று. தேய்க்காமல் ஒற்ற வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். கறை முழுதும் போகும் வரை இஸ்திரிக்கையும் கொதிநீரும் கூடாது, ஏனெனில் சூடு பிசினை உருக்கி இழையில் பதிக்கும்.

பசை மைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் போதும். கறைக்குக் கீழே பழைய வெள்ளைத் துணியை மடித்து வைத்து, சீருடையைக் குப்புறத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட்டை ஒற்ற வேண்டும். கரைந்த மை கீழ்த்துணியில் இறங்கும். கீழ்த்துணியை அடிக்கடி இடம் மாற்றாவிட்டால் இறங்கிய மை மீண்டும் ஏறும். நீலம் இறங்குவது நின்றதும் சலவைத்தூள் கரைசலைத் தடவிச் சற்று வைத்து, இளஞ்சூட்டு நீரில் அலச வேண்டும். ஸ்பிரிட் இல்லாத நேரத்தில் மதுசாரம் கொண்ட கைத்தொற்றுநீக்கி உதவும். முதலில் நீரில் நனைத்துவிட்டால் துணியில் நிற்கும் நீர் ஸ்பிரிட்டை நீர்த்துப்போகச் செய்து வேலையைக் கெடுக்கும்.

நீர்ச்சாய மைக்குக் கறையின் பின்பக்கத்தில் குளிர்நீர் விழச் செய்து, பின்னர் சலவைத்தூள் கரைசலில் ஊறவைக்க வேண்டும். எஞ்சும் மெல்லிய நீலத்தை 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு வெளிற்றும்.

இரும்பு மைக்கு அமிலமே மருந்து. உப்பும் தேசிக்காய்ச் சாறும் தடவி வெயிலில் வைப்பது இப்பகுதி வீடுகளின் வழக்கம். சித்திரிக்கமிலம் இரும்பைப் பற்றிக் கரைக்கிறது. அதைவிட வலியது, பிலிங் என்று வழங்கும் பிலிம்பிக்காய். இதன் சாற்றிலுள்ள ஒட்சாலிக் அமிலம் இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் பொருளாகிறது. மிளகு, பாக்கு, பலா, கோப்பி நெருங்கி வளரும் கண்டிய வீட்டுத் தோட்டத்தில் இந்த மரத்தையும் காணலாம். காயை நசுக்கிச் சாற்றைக் கறையில் ஊறவிட்டு, அமிலம் எஞ்சாதபடி பலமுறை அலச வேண்டும். தங்கிய அமிலம் பருத்தி இழையை நலிவிக்கும்.

பிசின் மைக்கு ஸ்பிரிட்டைப் பலமுறை பயன்படுத்த வேண்டும். அசற்றோன் கொண்ட நகப்பூச்சு நீக்கி வெள்ளைப் பருத்தியில் விரைந்து வேலை செய்யும். துணிக்கை மையில், உலருமுன் குளிர்நீரும் சலவைத்தூளும் பயன் தரும். உலர்ந்தபின் மங்கச் செய்யலாம், முழுதும் அகற்ற முடியாது.

பாலில் ஊறவைத்தல், பற்பசை தடவுதல் ஆகிய வழக்கங்கள் பயனற்றவை. பால் மையைக் கரைப்பதில்லை. புளித்த வாடையையே விட்டுச் செல்லும். நீலம் போடுவது மஞ்சளை மறைக்குமேயன்றி மைக்கறையை மறைக்காது.

துணி வகைகள்

பொலியெஸ்டர் கலந்த சீருடைத் துணி ஸ்பிரிட்டைத் தாங்கும். அசற்றேற்று இழையை அசற்றோன் கரைத்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் குளோரின் வெளிற்றி கூடாது. அது அவற்றின் புரத இழையையே அரிக்கும். ஒசரிச் சேலை, பத்திக் துணி, சாயமிட்ட கைத்தறி ஆகியவற்றில் மையோடு துணியின் நிறமும் கழலக்கூடும். உள்மடிப்பின் ஓரத்தில் ஒரு துளி இட்டுப் பார்த்த பின்னரே தொடங்க வேண்டும். விலையுயர்ந்த பட்டை லோண்டரியில் கொடுத்து, கறை எந்தப் பேனையினது என்பதைச் சொல்வது நல்லது.

பாதுகாப்பு

ஸ்பிரிட்டும் அசற்றோனும் எளிதில் தீப்பற்றுபவை. அடுப்பு, விளக்கு எரியும் இடத்திலிருந்து விலகிக் கதவு யன்னல் திறந்து பயன்படுத்த வேண்டும். குளோரின் வெளிற்றியோடு தேசிக்காய், வினாகிரி முதலிய அமிலங்கள் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். அமோனியா சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். ஒரே கறையில் ஒன்று பயன்படாமல் மற்றொன்றுக்கு மாறுவோர் இடையே நன்றாக அலச வேண்டும். கடையில் தூளாகக் கிடைக்கும் ஒட்சாலிக் அமிலம் உண்டால் உயிராபத்து விளைவிக்கும். அதைச் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இன்றைய நிலை

வெள்ளாவி அருகிவிட்டது, சலவை இயந்திரமும் சலவைத்தூளும் பரவலாகிவிட்டன. குமிழ்முனை, ஜெல் பேனைகளே இன்றைய கறைகளுக்கு முதன்மைக் காரணம். குமிழ்முனைக் கறைக்கு மருந்துக்கடை ஸ்பிரிட்டும், ஜெல் கறைக்கு உலருமுன் குளிர்நீரும் சலவைத்தூளும் முதல் பரிகாரம்.