மேய்க்கால் யாருடையது?

நாட்டுப் புல்லைக் காப்போம், மேய்ச்சல் நிலத்தை மீட்போம் என்ற குரல் இப்போது நிறையக் கேட்கிறது. நல்ல குரல்தான் தோழர்களே. ஆனால் அந்தப் புல் யார் நிலத்தில் முளைக்கப் போகிறது?

பாலாற்றங்கரை ஓரிக்கையிலிருந்தே கேட்போம். பெருமாள் ஓரிரவு தங்கியதால் 'ஓரிரவு இருக்கை' என்பது ஓரிக்கை ஆனது என்கிறது தலபுராணம். ஒரே இரவு தங்கியவருக்கு ஊர்ப் பெயரில் இடம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த பண்ணையாளுக்கு இந்த வட்டாரத்தில் காணி நிலம் கிடைக்கவில்லை.

அன்று ஓரிக்கையும் காஞ்சிபுரமும் செங்கல்பட்டு மாவட்டம். அங்கே மிராசு முறை. பயிரிட்ட நிலத்தோடு நின்றதா அது? தரிசும் தன்னுடையதே என்றார் மிராசுதார். சேரிக்காரர் ஒருவர் தரிசு கேட்டு தர்காஸ்து மனு போட்டால், முன்னுரிமை மிராசுதாருக்கு. ஆக, ஏர் பிடிக்கவும் நிலமில்லை, ஆடு கட்டவும் இடமில்லை. குடிசை போட்ட மனைகூட ஆண்டையின் தயவு. 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய அறிக்கையில் இந்த நிலைமையைத்தான் அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பர் 30 அன்று, அரசாணை வந்தது. அப்படி ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகள் விற்கவே கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்ளேதான் கைமாறலாம். நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கக் காரணையில் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டனர். பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பட்டா இல்லாதவருக்கு மிஞ்சியது மேய்க்கால் புறம்போக்கும் ஏரிக்கரையும்தான். நிலமற்றவரின் சேமிப்பு ஆடு. மருத்துவச் செலவா, பள்ளிக் கட்டணமா, ஒன்றை விற்கலாம். 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் தலா 4 ஆடு கொடுத்தபோது, நிலமில்லாதிருப்பதே தகுதி. சரி, அந்த நான்கும் எங்கே மேயும்? இந்த வட்டாரத்துச் செம்மறி 'மெட்ராஸ் ரெட்', மேய்ந்தே வளரும் இனம். ஆனால் புறம்போக்கில் பாதி சீமைக்கருவேலம், மீதி ஆக்கிரமிப்பு.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பலரும் முன்மாதிரி என்கிறார்கள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். அந்தப் புல் கோடையில் காய்ந்தாலும் வேர் சாகாது, மழைக்குத் துளிர்க்கும். ஒரு காட்டை மேய்த்து, இன்னொன்றை ஆறப்போட்டு, விதை உதிர விடுவார்கள். அறிவு உயர்ந்ததுதான். ஆனால் கொறங்காடு பட்டா நிலம். வேலி போடுபவர் நிலக்காரர். ஊர்ப் பொதுநிலத்தில் அதே வேலியைப் போட்டால் சாவி யாரிடம் இருக்கும்? புல் விளையும் மாதங்களில் நிலத்தை மூடினால், நாலு ஆட்டுக்காரி அதுவரை எங்கே போவாள்? ஒரே நேரத்தில் முழுதையும் மூடாமல், பாதியை மூடி பாதியைத் திறந்து வைக்கலாம். எந்தப் பாதி என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் சேரிப் பெண்கள் உட்கார வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டும் வேலையும் அவர்களுக்கே, கூலியோடு.

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. அதே தீர்ப்பில், அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குத்தகை தரப்பட்டிருந்தால் விதிவிலக்காக முறைப்படுத்தலாம் என்றும் சொன்னது. முதல் பாதியைக் காட்டிக் குடிசையைப் பிடுங்க வருவார்கள். அப்போது இரண்டாம் பாதியை எடுத்து வாசியுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டின் நகல் கேளுங்கள். மேய்க்கால் எத்தனை ஏக்கர், எந்தச் சர்வே எண், இப்போது அதில் என்ன நிற்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள்.