பிள்ளைப்பேறும் பேணுகையும்: ஒரு வரலாற்று நோக்கு

சிராப்பள்ளியில் எழுந்தருளிய இறைவனைத் தாயுமானவர் என அழைக்கும் வழக்கு யாவரும் அறிந்ததே. கருவுற்ற வணிகப் பெண்ணொருத்தியின் அன்னை, காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டு நின்றாள். மகளுக்கோ நோவு கண்டுவிட்டது. அவ்வேளை இறைவனே தாயுருக் கொண்டு வந்து அருகிருந்து பேறு பார்த்தான் என்பது அத்தலத்துப் பழங்கதை. பேற்றுக் காலத்திலே பெண்ணுக்கு முதற்கண் வேண்டுவது அன்புடன் அருகிருப்பார் ஒருவர் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். ஆயினும், அருகிருத்தல் மட்டும் அமையுமா? அருகிருக்கும் கைக்கு அறிவும் தூய்மையும் வேண்டாவா? இவ்வினாவுக்கு மனித குலம் விடை கண்ட வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம்.

யாழ்ப்பாணத்து ஊர்களிலே பண்டு அருகிருந்தவள் மருத்துவிச்சி. நள்ளிரவில் அழைப்பினும் வருவாள். வயிற்றைத் தடவிப் பிள்ளை கிடக்கும் நிலையை அறிவாள். நோவால் வருந்துபவளைத் தேற்றுவாள். பிள்ளையை ஏந்திக் கொடியறுப்பாள். பின்வந்த நாட்களிலும் தாயையும் சேயையும் பேணுவாள். தாயிடமிருந்து மகள் கற்ற கலை அது. வேண்டும்போது அவளை விரைந்தழைத்த சமூகம், ஏனைய நாட்களில் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தியது என்பது நாணத்துடன் நினைக்கற்பாலது. ஆயினும், கொடியறுக்கும் கருவியிலே ஏற்புவலிக் கிருமி மறைந்திருக்கக் கூடும் என்பதை அவள் அறியாள்; அக்காலத்தில் அதனை அறிந்தார் எவருமிலர். பிறந்த சில நாட்களில் உடல் விறைத்து மாண்ட குழவிகளையும், பேறு கழிந்தபின் காய்ச்சல் கண்டு மடிந்த தாய்மாரையும் விதியின்மேற் பழிபோட்டு மக்கள் அமைதி கண்டனர்.

அறிவு மிகுந்த இடத்தில் நிலைமை வேறாயிருந்ததா? வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலே இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் வைத்திய மாணவரும், இரண்டாவதில் மருத்துவமாதராகப் பயில்வோரும் பணிபுரிந்தனர். 1846 இல் முதற் பிரிவிலே நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தனர். இரண்டாவதில் 3 பேரளவினரே இறந்தனர். முதற் பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். அங்கு உதவி வைத்தியராயிருந்த செம்மல்வைஸ் இம்முரணை எண்ணி உறக்கமிழந்தார். 1847 மார்ச்சில் அவர்தம் நண்பர் கொலெச்கா, பிணச் சோதனையின்போது விரலிற் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலிற் காணப்பட்ட குறிகள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் குறிகளை ஒத்திருந்தன. உண்மை புலனாயிற்று. பிணத்தை அறுத்த கையோடு மாணவர் பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவமாதர் பிணத்தைத் தொட்டிலர். வேற்றுமை அவ்வளவே. அவ்வாண்டு மே மாதத்தில் குளோரின் சேர்ந்த சுண்ணநீரிற் கைகழுவும் விதி பிறந்தது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த இறப்பு, ஜூனில் 2 அளவாகக் குறைந்தது. எனினும் கற்றோர் பலர் இதனை ஏற்றிலர். தம் கைகளே கொன்றன என்பதை ஏற்பது எளிதன்று. செம்மல்வைஸ் 1865 இல் மனநோயாளர் விடுதியொன்றில் இறந்தார்.

அதே 1847 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயிலிருந்து தமிழிளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்த அவரது முயற்சியால், மோன்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூல் 1857 இல் தமிழாயிற்று. நம் மொழிக்கு அது பெரும்பேறே. ஆயின், அவரிடம் பயின்றோர் ஆடவர், பேற்றறையோ பெண்டிர்க்குரியது. நூலறிவு வாயிற்படியைத் தாண்டி உட்செல்லப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டியிருந்தனர். கொழும்பிலே 1879 இல் எழுந்த த சொய்சா பிரசவ விடுதியும், இணுவிலிலே 1898 இல் திறக்கப்பட்ட மக்லியொட் மகளிர் வைத்தியசாலையும் அத்தகையோரைப் பயிற்றும் களங்களாயின.

1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டபின், பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை நாடெங்கும் படிப்படியாகப் பரவியது. அவள் கொண்டு சென்றவை பெரியன அல்ல: சவர்க்காரம், கொதிக்க வைத்த கத்தரிக்கோல், தூய துணி. அவள் கூறியவையும் எளியனவே: குழவியைத் துடைத்துத் தாயின் மேனிச் சூட்டில் அணைத்து வைத்தல், பலர் வீசியெறிந்த சீம்பாலையே முதலுணவாக ஊட்டுதல், உதிரம் மிகுந்தால் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புதல். 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 2,000 ஆயிருந்த தாய்மார் இறப்பு, 1950களின் தொடக்கத்தில் 600க்குக் கீழும், 2010களில் 40 அளவுக்கும் தாழ்ந்தது. மலேரியாத் தடுப்பு, புதிய மருந்துகள், இரத்ததானம், இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகிய யாவும் இதற்குத் துணை நின்றன. ஆனால் அவற்றையெல்லாம் ஊரிலுள்ள தாயோடு இணைத்த பாலம் மருத்துவமாதே.

ஆகவே, வியன்னாவின் வைத்தியரிடம் அறிவிருந்தது, கைத்தூய்மை இல்லை. ஊர் மருத்துவிச்சியிடம் அன்பிருந்தது, கிருமியறிவு இல்லை. இவ்விரண்டும் ஒரே பெண்ணின் கைகளிற் கூடியபோதே தாயும் சேயும் உயிர் தப்பினர். மன்னரையும் போர்களையும் வரலாறெனக் கற்கும் மாணவர், கைகழுவிவிட்டுக் கட்டிலருகே காத்திருந்த இப்பெயரறியாப் பெண்டிரையும் வரலாற்று மாந்தராகப் போற்றுதல் கடனாகும். நம்மில் எத்துணைப் பேர் அவர்தம் கைகளில் முதன்முதல் ஏந்தப்பட்டோம் என்பதை எண்ணின், அக்கடன் எளிதில் விளங்கும்.