பாதம் படியும் இடம்

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்தில், இறைவன் முடிமேல் கிடந்த மலர்களைக் கண்ணப்பர் செருப்பணிந்த காலால் அகற்றுகிறார். அதற்கும் முற்பட்ட சங்க நூல்களில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்று பெயர். ஆக, நம் இலக்கியம் செருப்பை நன்கறியும். ஆனால் செருப்புக்கும் பாதத்துக்கும் இடையே நிகழும் உராய்வின் வரலாற்றை மருத்துவமனைகளில்தான் தேட வேண்டும். அதன் முக்கியமான ஓர் அத்தியாயம், குன்றத்தூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்குகிறது.

நடக்கையில் உடலின் எடை பாதத்தை அழுத்துகிறது. அதே கணத்தில், தளத்தோடு ஒட்டிய தோல் பின்தங்க, உள்ளிருக்கும் எலும்பு முன்னகர்கிறது. இந்த இழுபறியே கொப்புளத்துக்கும் காய்ப்புக்கும் மூலம். வியர்வையில் நனைந்த தோலில் உராய்வு மேலும் கூடும். பாதம் படியும் உட்தளத்தை, அதாவது இன்சோலை, எதனால் செய்கிறோம் என்பது இங்கேதான் பொருட்படுகிறது. கெட்டியான அட்டை, எடையைக் குதிகாலிலும் விரலடி எலும்புகளிலும் குவிக்கும். பதனிட்ட தோல் வியர்வையை உறிஞ்சி, நாளடைவில் பாதத்தின் வடிவுக்கு இணங்கும். நுரைப்பொருள் எடையைப் பரப்பும். மிகவும் மென்மையானதாயின் விரைவில் நசுங்கிப் பயனற்றுப்போகும்.

செருப்புக் கடித்தால் நாம் நடையை மாற்றுகிறோம். அல்லது கழற்றி எறிகிறோம். வலியே நம்மைக் காக்கிறது. அந்த வலியை இழந்தவர்கள்?

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் அத்தகையோரைக் கண்டார். அவர்களுடைய சதை நோயினால் தானே அழுகுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. உணர்வற்ற பாதத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் உராய்வுமே புண்ணாகின்றன என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் நிறுவினர். மருந்தோடு செருப்பும் சிகிச்சையாயிற்று. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மைக்ரோசெல்லுலர் ரப்பர் உள்ளே; முள் ஏறாத உறுதியான அடித்தளம் கீழே; ஆணி கிடையாது. இவ்வமைப்பே தொழுநோயாளர் காலணியின் இலக்கணமாயிற்று.

பின்னாளில் இதே தேவை நீரிழிவு நோயாளர்க்கும் வந்தது. சென்னை மருத்துவர்களும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இணைந்து, முன்பே பாதப்புண் கண்ட 241 பேரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. மைக்ரோசெல்லுலர் ரப்பர், பாலியூரித்தேன் நுரை, பாதத்துக்கேற்ப வார்த்த உட்தளம் ஆகியவற்றை அணிந்தோர்க்கு, தோலட்டைத் தளமுள்ள வழக்கமான செருப்பணிந்தோரைவிடப் புதிய புண்கள் மிகக் குறைவாகவே தோன்றின.

இன்று குன்றத்தூருக்கு அப்பால் ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளில் நின்றுகொண்டே பணி முடிப்போர் ஏராளம். பாதுகாப்புக் காலணியின் இரும்பு முனை, மேலிருந்து விழும் பொருளிலிருந்து விரலைக் காக்கும். நாள் முழுதும் கீழிருந்து தேய்ப்பதைத் தடுக்க வேண்டியது உட்தளம். நசுங்கிய உட்தளத்தை மாற்றுவது சிறு செலவு. வலிக்கிறது என்று தொழிலாளி சொல்லும்போதே அதைச் செய்துவிடலாம். வலி நின்றுபோன பாதம் எதையும் சொல்லாது.